நுரை சொல்லும் கணக்கு

'சோப்பு' ஆங்கிலம் வழியே நம்மிடம் வந்த சொல். ஆனால், அதைத் தேய்த்தால் எழும் 'நுரை' எவரிடமும் கடன் வாங்கியதன்று. மலையாளத்தில் நுர, கன்னடத்தில் நொரெ, தெலுங்கில் நுருகு எனத் திராவிட மொழிகள் பலவற்றிலும் இச்சொல் வழங்குகிறது.

சோப்பு வருவதற்குப் பன்னூறாண்டுகளுக்கு முன்பே தமிழர் நுரையை அறிந்திருந்தனர். வெள்ளத்தில் வந்து பாறையில் மோதிக் கரையும் நுரையை உவமையாக்கியதாலேயே குறுந்தொகைப் புலவர் ஒருவர் 'கல்பொரு சிறுநுரையார்' எனப் பெயர் பெற்றார். 'நுரை தள்ள உழைத்தான்' என்பது வாயில் நுரை தள்ளும் உழவுமாட்டைக் கண்டவர்களின் வழக்கு. நீர்மத்துக்குள் காற்று சிறைப்பட்டுக் குமிழிகளாகத் திரள்வதே நுரை. காற்றறைகள் நிறைந்த உறுப்பை 'நுரையீரல்' என்றதும் அப்பொருள் பற்றியே.

இச்சொல்லுக்கு விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பொருளாதாரப் பொருளும் உண்டு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் பட்டாசு மருந்தைக் கையாளும் தொழிலாளரின் கைகளில் அலுமினியத் தூள் வெள்ளிப் பூச்சாகப் படிகிறது. அதைக் கழுவ நல்ல நுரை வேண்டும். ஆனால், இக்கரிசல் பூமியின் கிணறுகள் பலவற்றில் ஊறுவது உப்புத் தண்ணீர்.

கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத திப்பியாகின்றன. அவை தீர்ந்த பிறகே நுரை எழும். அதுவரை கரையும் சோப்பு வீண்செலவு. நல்ல தண்ணீர் வரும் வீட்டில் ஒரு மாதம் வரும் கட்டி, உப்புத் தண்ணீர் வீட்டில் விரைவில் தேய்ந்துவிடும். குறைந்த கூலி பெறுபவரே கூடுதல் விலை கொடுக்கிறார். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் உப்பு நீரிலும் நுரைக்கும் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர்.

தொழிலாளர் கை கழுவப் போதுமான, தகுந்த வசதி செய்து தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 42ஆம் பிரிவில் விதித்தது. குழாய் இருந்தால் மட்டும் வசதி தகுந்ததாகிவிடாது. அதில் வரும் நீரில் நுரை எழவேண்டும். கழுவப்படாத தூள் சோற்றுக் கையிலும் குழந்தையைத் தூக்கும் கையிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரை வருகிறது.

ஆலையின் குழாயடியில் ஒரு துண்டுச் சோப்பைத் தேய்த்துப் பாருங்கள். ஆய்வறிக்கை சொல்லாததையும் நுரை சொல்லிவிடும்.