எல்லைக்கல்லைத் தேடும் சங்கிலி

நெல் விளையும் ஊர்களில் நாற்று நடுவதற்கு முன்பு வரப்பின் பக்கங்களை மண்வெட்டியால் சீவிச் சேறு அணைக்கும் வேலைக்கு அண்டை வெட்டுதல் என்று பெயர். களை ஒழியவும், நண்டு வளைகள் அடைபடவும், நீர் கசியாமல் நிற்கவும் இன்றியமையாத இந்த வேலையை இருபுறத்தாரும் ஒரே அளவாகச் செய்தால் வரப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஒருவர் ஆழ வெட்டி மற்றவர் மேலோடு சீவினாலோ, எவர் மனத்திலும் கபடம் இல்லாதபோதும், போகத்துக்கு ஓர் அங்குலமாக நகர்ந்து, ஒரு தலைமுறை கழிவதற்குள் அது ஒரு முழத்துக்கு மேல் ஒதுங்கிவிடும். தந்தையர் அதைக் கண்டும் காணாமல் இருந்திருப்பார்கள். பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டு, பங்கை விற்கவோ வேலி போடவோ முற்படும் தினத்தில்தான் விவகாரம் தலைதூக்கும். அப்போது அந்த வரப்பையே சாட்சிக்கு அழைப்பது வீண். சாட்சி சொல்லத் தக்கவை நட்ட கல்லும், அளந்து எழுதிய புத்தகமும், அவ்விரண்டையும் இணைத்துப் பேசவைக்கும் சங்கிலியுமே ஆகும்.

நிலத்தை அளப்பது நமக்குப் புதிய வித்தை அன்று. முதலாம் இராஜராஜன் காலத்திலேயே சோழ நாடு அளக்கப்பட்டு, வேலி, மா, காணி, முந்திரி என்று நுண்ணிய பின்னங்கள் வரை கல்வெட்டுகளில் பதிவாகியிருக்கிறது. ஆனால் பன்னிரண்டு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று இடத்துக்கிடம் கோல் வேறுபட்டமையால், அளக்கும் கருவியையே அளந்து பார்ப்பதற்கு ஒரு பிரமாணம் தேவைப்பட்டது. அதற்காகவே கோலின் நீளத்தைக் கோயிற்சுவரில் வெட்டிவைத்தார்கள். இன்றும் சில கோயில்களில் அந்தக் கோடுகளைக் காணலாம்.

நம் கிராமப் பதிவேடுகளில் இன்றுவரை தன் தடத்தை விட்டிருக்கும் சங்கிலி, 1620-ஆம் ஆண்டில் லண்டன் கிரெஷாம் கல்லூரியில் வானசாஸ்திரப் பேராசிரியராக இருந்த எட்மண்ட் கன்டர் என்பவர் வகுத்தது. அதன் நீளம் 66 அடி, கண்ணிகள் நூறு. 66 என்பது விநோதமான எண்ணாகத் தோன்றினும், ஒரு சங்கிலி அகலமும் பத்துச் சங்கிலி நீளமும் உள்ள பூமி மிகாமலும் குறையாமலும் ஓர் ஏக்கர் ஆகிறது என்பதை அறிந்தவுடன் அந்த மனிதரின் மேதை விளங்கிவிடும். ஓர் ஏக்கர் ஒரு லட்சம் சதுரக் கண்ணி. அதில் நூற்றில் ஒரு பங்கான செண்டு ஆயிரம் சதுரக் கண்ணி. மனை வாங்குவோர் மனப்பாடமாகச் சொல்லும் 435.6 சதுர அடி என்ற கோணலான எண்ணுக்குள் ஆயிரம் என்ற முழு எண் ஒளிந்திருக்கிறது. வயலில் நின்றுகொண்டு நீளத்தையும் அகலத்தையும் கண்ணிகளில் பெருக்கி, மூன்று ஸ்தானங்களைத் தள்ளிப் படித்தால் செண்டுக் கணக்கு கைமேல் கிடைக்கும்.

சங்கிலியில் பத்துக் கண்ணிக்கு ஒன்றாகப் பித்தளை வில்லைகள் தொங்கும். பத்தாவது கண்ணியில் ஒரு பல், இருபதில் இரண்டு, முப்பதில் மூன்று, நாற்பதில் நான்கு என்று சென்று, ஐம்பதில் வில்லை வட்டமாக இருக்கும். அதற்குமேல் பற்கள் முறையே குறைந்துகொண்டு வரும். எந்த முனையிலிருந்தும் படிக்கலாம் என்ற சௌகரியத்துக்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் நாற்பதும் அறுபதும் ஒரே முகம் காட்டுவதனால், நடு வில்லையைக் கடந்தோமா என்று பாராத அளவர் இருபது கண்ணியைத் தவறவிட்டுவிடுவார்.

அதனினும் சூக்ஷ்மமானது தேய்மானம். ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று சிறு வளையங்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று உராயும் முகங்களை எண்ணினால் சங்கிலி முழுவதற்கும் ஏறத்தாழ எண்ணூறு வரும். ஒவ்வொரு முகமும் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு தேய்ந்தாலும் சங்கிலி எட்டு அங்குலம், அதாவது ஏறக்குறைய ஒரு கண்ணி, நீண்டுவிடும். நீண்டுபோன சங்கிலி நிலத்தைக் குறைத்தே சொல்லும் என்பதால், மெய்யான ஓர் ஏக்கர் அதன் கணக்கில் 98 செண்டு ஆகிவிடும். மீட்டர் முறை வந்தபின் வேறொரு மயக்கமும் சேர்ந்துகொண்டது. பழைய கண்ணி 20.12 சென்டிமீட்டர், இருபது மீட்டர்ச் சங்கிலியின் கண்ணி சரியாக 20 சென்டிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஏக்கருக்கோ ஒரு செண்டுக்கு மேல் பேதம். தன் நிலத்தை யாரோ அபகரித்துவிட்டதாக உள்ளம் வெந்துபோயிருக்கும் ஒரு குடியானவனுக்கு, அபகரித்தது அண்டை வீட்டுக்காரன் அன்று, இரண்டு காலத்து அளவுகளின் வித்தியாசமே என்று நிதானமாக எடுத்துச் சொல்வாருண்டானால், அது பெரும் புண்ணியம்.

சங்கிலி நீளத்தை மட்டுமே அறியும், கோணம் அறியாது. அப்படியிருந்தும் கோணல்மாணலான வயலைக் காகிதத்தில் பிசகில்லாமல் இறக்கிவைப்பது முக்கோணத்தின் மகிமையால். நான்கு மூங்கில்களைக் கட்டிச் செய்த சட்டம், பக்கங்களின் நீளம் மாறாமலே சாய்ந்து உருமாறும். மூன்றைக் கட்டிச் செய்தது எப்பக்கம் தள்ளினும் அசையாது. மூன்று பக்கங்களின் நீளம் தெரிந்தால் முக்கோணத்துக்கு உரு ஒன்றே ஒன்றுதான். ஆகையால் அளவர், வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நீண்டதொரு மூலக்கோட்டை இழுத்து, வயல் முழுவதையும் முக்கோணங்களாகப் பகுத்துக்கொள்கிறார்; சர்வே அலுவலர் வாயில் இந்தக் கோடு ஜி லைன். வளைந்து செல்லும் எல்லைகளுக்கு, கோட்டின் வழியே நடந்து, ஒன்றுக்கொன்று செங்கோணமாகப் பிளவுகள் அமைந்த கிராஸ் ஸ்டாஃப் என்ற தடியை ஊன்றிப் பார்த்து, பக்கவாட்டுத் தூரங்களைக் குறித்துக்கொள்கிறார். இவ்வளவும் அடங்கிய ஏடே எஃப்.எம்.பி. என்று வழங்கும் புலப்பட நூல். ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் அதில் ஒரு படம் உண்டு.

கல் காணாமற்போன இடத்தில்தான் இந்தப் படம் தன் அருமையைக் காட்டுகிறது. எல்லைக்கற்கள் துவைக்கும் கல்லாகவும் வாசற்படியாகவும் மாறிப்போவது நம் ஊர்களில் சகஜம். காணாமற்போன கல்லுக்கு, நிலைத்து நிற்கும் ஒரு கல்லிலிருந்து 52 மீட்டர் என்றும் மற்றொன்றிலிருந்து 38 மீட்டர் என்றும் படம் சொல்லுமானால், இரு கற்களையும் மையமாக வைத்து அந்த நீளங்களில் தரையில் வில் கீறினால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடமே கல் நின்ற இடம். கோட்டின் மறுபுறத்திலும் அத்தகைய சந்திப்பு ஒன்று நேரும். எந்தப் புறம் என்பதைப் படமே காட்டும். மூன்றாவது கல்லொன்றிலிருந்து அளந்து சரிபார்த்துக்கொண்டால் ஐயம் தீரும். இதனாலேயே நல்ல அளவர் வழக்குள்ள வரப்பில் வேலையைத் தொடங்குவதில்லை. தொலைவில் எவரும் தொடாத முச்சந்திக்கல்லைத் தேடிப் போய், அங்கிருந்து படிப்படியாக உள்ளே வருகிறார். தாமதத்தைக் கண்டு பொறுமை இழந்து, “இங்கே அளக்காமல் எங்கேயோ சுற்றுகிறாரே” என்று சலித்துக்கொள்வோர், தங்கள் நன்மைக்காகவே அவர் சுற்றுகிறார் என்பதை அறிவார்களாக. டோட்டல் ஸ்டேஷன், செயற்கைக்கோள் கருவி முதலியவை வந்து வேலையைத் துரிதப்படுத்தியிருக்கின்றன. ஆயினும் முழுமையிலிருந்து பகுதிக்கு வருவது என்ற இந்த நியதி மாறவில்லை.

அளவரால் ஆகாத காரியமும் உண்டு. கோடு எங்கே ஓடுகிறது என்பதைத்தான் அவர் சொல்ல முடியும். கோட்டுக்கு இப்பால் உள்ள பூமி யாருக்குப் பாத்தியம் என்பதைக் கிரயப் பத்திரமும் பாகப்பத்திரமும் அனுபவமும் கொண்டு தீர்மானிக்க வேண்டியது நியாயஸ்தலம். பத்திரத்தில் கண்ட விஸ்தீரணமும், நான்கு பக்க எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியும் முரண்பட்டால், பொதுவாகச் செக்குபந்திக்கே முதன்மை தரப்படுகிறது. 1923-ஆம் ஆண்டின் சர்வே மற்றும் எல்லைகள் சட்டத்தின்படி சர்வே முடிந்து அறிவிக்கப்பட்ட எல்லை, சிவில் கோர்ட்டின் தீர்ப்பினால் மாற்றப்படாத வரையில், சரியானதென்றே கொள்ளப்படும். ஆட்சேபிப்பவர் அறிவிப்பு வந்த மூன்று வருஷத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். வழக்குகளில் கோர்ட்டு ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்து, சர்வேயர் துணையோடு நிலத்தைப் பார்த்து அறிக்கை தரச் சொல்வதும் உண்டு. அந்த நிலைக்குப் போகுமுன், இருதரப்பாரும் சேர்ந்து கட்டணம் செலுத்தி, சேர்ந்து நின்று அளக்கச் செய்வதே உசிதம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஒருவர் இல்லாதபோது அளந்த அளவு எத்தனை சுத்தமாயிருந்தாலும் மற்றவர் மனத்தில் அது ஏறுவதில்லை.

அழியாத பொருள்களை எல்லையின் கீழே மறைத்துப் புதைக்கும்படி மனு தர்ம சாஸ்திரம் விதிக்கிறது. கரி, சாம்பல், உமி, செங்கல், ஓடு என்று அது அடுக்கிச் சொல்கிறது. மேலே நிற்கும் அடையாளத்தை மனிதர் பெயர்த்துவிடுவார்கள் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. வில்கள் சந்தித்த இடத்தில் அளவர் முளையடித்துவிட்டு, அங்கே சிறிது தோண்டிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். சில வேளைகளில், ஏர் பட்டுத் தலை உடைந்துபோன பழைய கல்லின் அடிப்பாகம் முழ ஆழத்தில் மண்வெட்டியில் ணங்கென்று தட்டும். அதுவரை உரத்துப் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரும் குனிந்து, கையாலேயே மண்ணை விலக்கத் தொடங்குவார்கள்.