விலைகொடுத்து வாங்கிய கருவிக்கு எஜமானர் யார்?

கையடக்க இலத்திரனியல் விளையாட்டுக் கருவிகளைப் பற்றி எழுதுவதற்கு இந்தப் பத்தியா கிடைத்தது என்று வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எழுத வேண்டிய விடயங்களுக்கு நாட்டில் பஞ்சமில்லை என்பதை நாமும் அறிவோம். எனினும், ஒருவர் தமது பணத்தில் வாங்கிய இயந்திரத்தில் தாமே எழுதிய செய்நிரலை இயக்குவதற்கு, அதனை விற்றவரின் அனுமதியையும் பெற வேண்டுமா என்ற கேள்வி விளையாட்டோடு முடிந்துவிடுவதல்ல. கைத்தொலைபேசியிலும், அமெரிக்க விவசாயிகளின் உழவு இயந்திரங்களிலும்கூட இதே கேள்வி எழுந்திருக்கின்றது. அது முதலில் எழுந்த இடங்களுள் ஒன்று சிறுவர்களின் கையில் இருந்த விளையாட்டுப் பெட்டி என்பதே கவனிக்கத்தக்கது.

தொழிலுக்காக அன்றி, மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் சொந்த ஆர்வத்தினால் விளையாட்டு மென்பொருள் எழுதுவோர் உலகெங்கும் உள்ளனர். இவர்களின் ஆக்கங்களை 'ஹோம்புரூ', அதாவது வீட்டில் ஆக்கியவை, என்று அழைப்பர். இவர்கள் தமக்குள் செய்துகொள்ளும் விவாதங்களைக் கூர்ந்து நோக்கினால், அவை இரண்டு விடயங்களையே சுற்றிவருவதைக் காணலாம். கருவி பூட்டப்பட்டிருக்கின்றதா என்பது ஒன்று. அக்கருவிக்கு எழுத உதவும் மென்பொருள் எவர் கையில் இருக்கின்றது என்பது மற்றொன்று.

ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1989 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கேம் போய்' கருவியில் இருந்து தொடங்குவது பொருத்தமாகும். குன்பெய் யோகோய் என்பவரின் குழுவினர் வடிவமைத்த இக்கருவி நான்கு சிறு பற்றரிகளில் இயங்கியது. திரையில் 160 இற்கு 144 புள்ளிகள், நான்கு சாயல்கள், 8 கிலோபைற் வேலை நினைவகம், இவ்வளவே அதன் வலிமை. வர்ணத் திரையுடன் வந்த அதன் அடுத்த வடிவத்தையும் சேர்த்து 118 மில்லியனுக்கும் மேற்பட்டவை விற்பனையாகின. கருவியை இயக்கியவுடன் நிறுவனத்தின் பெயர்ச் சின்னம் திரையின் மேலிருந்து மெல்ல இறங்கி வரும். அதனை வெறும் அலங்காரம் என்றே விளையாடியவர்கள் எண்ணினர். உண்மையில் அச்சின்னம் விளையாட்டுப் பேழையினுள்ளிருந்து வாசிக்கப்பட்டு, கருவியினுள் இருக்கும் பிரதியோடு ஒப்பிடப்படுகின்றது. வேறுபாடு இருப்பின் கருவி அப்படியே நின்றுவிடும். ஆகவே அனுமதியின்றிப் பேழை தயாரிப்பவர், பதிவுசெய்யப்பட்ட வணிகச் சின்னத்தையும் பிரதிபண்ணியே தீரவேண்டும். பிரதிபண்ணினால் வழக்கில் மாட்டுவார். சட்டத்தையே பூட்டாக வார்த்தெடுத்த இந்தத் தந்திரத்தின் சாமர்த்தியத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

இத்தகைய பூட்டு எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பது வேறொரு நிறுவனத்தின் வழக்கில் தெரியவந்தது. செகா நிறுவனத்தின் விளையாட்டு இயந்திரத்துக்கு அனுமதியின்றி விளையாட்டுகளைத் தயாரித்த அக்கலேட் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், அமெரிக்காவின் ஒன்பதாவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்று 1992 இல் தீர்ப்பளித்தது. இயங்கும் முறையை அறிவதற்கு வேறு வழியில்லாதபோது, செய்நிரலைப் பிரித்து ஆராய்வது நியாயமான பயன்பாடே என்று நீதிமன்று கூறியது. சின்னம் திரையில் தோன்றுவதற்கும் அப்பூட்டை அமைத்த செகாவே காரணம் என்று அது கண்டது. இன்று பொழுதுபோக்காக எழுதுவோர் அறிந்தோ அறியாமலோ இத்தீர்ப்பின் நிழலில்தான் நிற்கின்றனர். ஆயின் 1998 இல் அமெரிக்கா இயற்றிய எண்ணிம பதிப்புரிமைச் சட்டம் பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கி, அந்த நிழலைப் பெரிதும் சுருக்கிவிட்டது. 2010 இல் கைத்தொலைபேசிகளுக்கு இதிலிருந்து விலக்களிக்கப்பட்டது. விளையாட்டு இயந்திரங்களுக்கும் அவ்வாறே விலக்களிக்குமாறு 2012 இல் கேட்கப்பட்டபோது மறுக்கப்பட்டது.

சோனி நிறுவனம் 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்ட பி.எஸ்.பி. கருவியின் கதை இன்னும் சுவையானது. அதன் முதற்பதிப்பு மென்பொருள், நிறுவனத்தின் ஒப்பம் இல்லாத செய்நிரல்களையும் இயக்கியது. 2005 இல் இதனைக் கண்டுகொண்ட ஆர்வலர்கள் தமது ஆக்கங்களைக் குவிக்கத் தொடங்கினர். நிறுவனமோ இணைய உலாவி போன்ற புதிய வசதிகளைச் சேர்த்த பதிப்புகளை வெளியிட்டு, அவற்றோடு ஓட்டைகளையும் அடைத்தது. புதிய வசதி வேண்டுமா, சொந்தச் செய்நிரல் வேண்டுமா என்று தெரிவுசெய்யும் நிலைக்கு உரிமையாளர் தள்ளப்பட்டார்.

நிறுவனங்களின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நாம் கூறவரவில்லை. ஆர்வலர் நுழைந்த அதே ஓட்டையால் களவாகப் பிரதிபண்ணுவோரும் நுழைந்தனர். நின்டென்டோவின் சுவிட்ச் கருவியைக் கணினியில் போலச்செய்யும் 'யூசு' என்னும் மென்பொருளை உருவாக்கியோர், 2024 மார்ச்சில் 2.4 மில்லியன் டொலர் செலுத்த இணங்கி அதனைக் கைவிட நேர்ந்தமைக்கும் பிரதிபண்ணல் குறித்த குற்றச்சாட்டே காரணம். ஆயினும் திருடனுக்குப் பயந்து வீட்டுக்காரனையே வெளியில் நிறுத்திக் கதவைச் சாத்துவது முறைதானா?

வேறு வழியுண்டு என்பதற்குச் சான்று அதே ஜப்பானில் இருக்கின்றது. நின்டென்டோவை விட்டு விலகிய யோகோயின் புதிய நிறுவனம் உருவாக்கத்தில் பங்கெடுத்த 'வொண்டர்சுவான்' கருவியை பண்டாய் நிறுவனம் 1999 இல் வெளியிட்டது. யோகோய் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே காலமாகிவிட்டார். 2000 ஆம் ஆண்டில் அக்கருவிக்கு 'வொண்டர்விட்ச்' என்ற கருவித்தொகுதி, சாதாரண மக்கள் வாங்கி எழுதுவதற்கென்றே விற்பனைக்கு வந்தது. போட்டியும் நடத்தப்பட்டது. அதில் வென்ற 'ஜட்ஜ்மென்ட் சில்வர்சோர்ட்' என்ற விளையாட்டு பின்னர் வணிகரீதியாகவே வெளிவந்தது.

அமெரிக்காவின் பானிக் நிறுவனம் 2022 இல் வெளியிட்ட 'பிளேடேட்' இவ்வழியையே பின்பற்றுகின்றது. பக்கத்தில் ஒரு சுழற்றுகைப்பிடி, கறுப்பு வெள்ளை மட்டும் காட்டும் திரை. எழுதுவதற்கான கருவித்தொகுதி இலவசம். எழுதியதை எவரிடமும் கேளாமல் தமது கருவியில் ஏற்றிக்கொள்ளலாம். அதற்கு எழுதப் பயன்படும் மொழிகளில் ஒன்றான 'லூவா' 1993 இல் பிரேஸிலில், ரியோ டி ஜெனெய்ரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. வெளிநாட்டு வன்பொருளும் மென்பொருளும் இறக்குமதியாவதை அந்நாடு பல ஆண்டுகள் கட்டுப்படுத்தியிருந்தது. ஆகவே தமக்கு வேண்டியதைத் தாமே ஆக்கிக்கொள்ளும் பழக்கம் அங்கிருந்தோரிடம் வளர்ந்திருந்தது. செல்வந்த நாடுகளின் ஆய்வுகூடங்களில் இருந்தே கணினி மொழிகள் வரும் என்று நினைப்போருக்கு இது புதினமாக இருக்கலாம்.

எழுதும் மென்பொருளின் கதையும் கருவியின் கதையை ஒத்ததே. பெரிதும் பயன்படுத்தப்படும் 'யூனிற்றி' என்ற விளையாட்டு இயந்திர மென்பொருளின் உரிமையாளர்கள், ஒரு விளையாட்டு நிறுவப்படும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் அறவிடப்போவதாக 2023 செப்டெம்பரில் அறிவித்தனர். வருமானத்துக்கும் நிறுவல்களின் எண்ணிக்கைக்கும் கீழெல்லை வைக்கப்பட்டிருந்ததால், பொழுதுபோக்காக எழுதுவோரில் மிகப் பெரும்பாலானோர் ஒரு சதமும் செலுத்த வேண்டியிருந்திருக்காது. ஆனாலும் அவர்களே உரத்துக் குரல்கொடுத்தனர். ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கற்ற கருவியின் நிபந்தனைகளை ஒரே அறிவிப்பில் மாற்ற முடியுமாயின் நாளை எதுவும் நடக்கலாம் என்பதே அவர்களின் அச்சம். அச்சம் நியாயமானதே என்பது எமது கருத்து. நிறுவனத் தலைவர் ஒக்டோபரில் பதவி விலகினார். கட்டணம் 2024 செப்டெம்பரில் முற்றாகக் கைவிடப்பட்டது. அதற்கிடையில் பலர் ஆர்ஜென்ரீனாவில் தோன்றி, 2014 முதல் திறந்த மூல மென்பொருளாக வழங்கப்பட்டுவரும் 'கோடோட்' பக்கம் திரும்பிவிட்டனர்.

இவ்விடத்தில் எமது எழுத்தும் வந்து சேர்கின்றது. 'கெ' என்று எழுதும்போது கணினி முதலில் ககரத்தையும் அடுத்துக் கொம்பையும் சேமிக்கின்றது. திரையில் கொம்பு முன்னால் வரவேண்டும். எழுத்தை இவ்வாறு ஒழுங்குபடுத்தும் வசதி கோடோட்டின் மூன்றாம் பதிப்பில் இருக்கவில்லை. ஆகவே தமிழ்ச் சொற்கள் கொம்பு இடம்மாறி அலங்கோலமாகத் தோன்றின. எழுத்துகள் ஒன்றோடொன்று இணைந்து வலமிருந்து இடமாகச் செல்லும் அரபுக்கு நேர்ந்த கதி இதைவிட மோசம். 2023 மார்ச்சில் வெளியான நான்காம் பதிப்பு இக்குறையை நீக்கியது. மூலச் செய்நிரல் திறந்திருந்தமையால் எவரும் பிழையைப் பார்க்கவும் திருத்தி அனுப்பவும் கூடியதாக இருந்தது. பூட்டிய மென்பொருளாயின், சிறுபான்மை மொழியினர் விண்ணப்பம் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இருந்தும் ஒரு சிக்கல் தீரவில்லை. நின்டென்டோ, சோனி ஆகியவற்றின் அதிகாரபூர்வக் கருவித்தொகுதிகள் இரகசிய உடன்படிக்கையின் கீழேயே வழங்கப்படுகின்றன. அவற்றைப் பகிரங்கமான மூலச் செய்நிரலில் சேர்க்க முடியாது. எனவே கோடோட்டில் எழுதியவர் சுவிட்ச் கருவிக்குத் தமது விளையாட்டைக் கொண்டுசெல்ல வேண்டுமாயின், முதலில் அந்நிறுவனத்தின் அங்கீகாரத்தைப் பெற்று, பின்னர் வேறு நிறுவனங்களின் உதவியை நாட வேண்டும், அல்லது தாமே அவ்வேலையைச் செய்ய வேண்டும். லினக்ஸில் இயங்கும் 'ஸ்டீம் டெக்' கருவியை 2022 இல் வெளியிட்ட வால்வ் நிறுவனம் அத்தகைய அனுமதி எதனையும் கேட்பதில்லை. எழுதியதை நேரடியாகவே ஏற்றலாம். ஆனால் அமெரிக்காவில் அதன் ஆரம்ப விலையே 399 டொலராக இருந்தது.