அரை நிமிடத்துக்கு ஒரு படம்

காலையில் காணையில் பஸ் ஏறி, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கி, டீ குடித்துவிட்டுத் திரும்பிய ஆயாவிடம் சாயங்காலம் கேட்டால், "நான் எங்கடா போனேன்? வூட்லதான இருந்தேன்" என்பார். எடுத்துச் சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம்தான் ஏறும். இந்தியாவில் அறுபதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக ஒரு மதிப்பீடு. இந்த வாக்குவாதம் நடக்கும் வீடுகளுக்குக் குறைவிருக்காது.

இதற்குக் கைகொடுக்கப் பார்த்த கருவி சென்ஸ்கேம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் லிண்ட்சே வில்லியம்ஸ் உருவாக்கியது. கழுத்தில் அடையாள அட்டைபோலத் தொங்கும். வெளிச்சம் மாறினாலோ, எதிரே ஆள் வந்தாலோ சென்சார் உணர்ந்து தானே படமெடுக்கும். ஒன்றும் நடக்காவிட்டாலும் அரை நிமிடத்துக்கு ஒன்று. மீன்கண் லென்ஸ் என்பதால் முன்னால் இருப்பதெல்லாம் அகலமாக விழும். பாதிப் படங்கள் சாய்ந்திருக்கும், தலை வெட்டுப்பட்டிருக்கும்; கல்யாண போட்டோகிராபர் பார்த்தால் உடனே அழித்துவிடுவார்.

ஆனால் உதவியவை இந்த ஒழுங்கில்லாத படங்கள்தான். கேம்பிரிட்ஜ் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் மூளை அழற்சியால் நினைவிழந்த 63 வயதுப் பெண்மணிக்கு, இரண்டு நாளுக்கு ஒருமுறை கணவரோடு உட்கார்ந்து படங்களைப் பார்க்கும் பயிற்சி தரப்பட்டது. எம்மா பெர்ரி, நரிந்தர் கபூர் உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நடந்தவற்றில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அவரால் சொல்ல முடிந்தது. மூன்று மாதம் படம் பார்க்காமல் விட்டும் அது நிலைத்தது. எழுதிய நாட்குறிப்பால் அந்தப் பலன் இல்லை. நாட்குறிப்பு, நடந்ததை அடுத்தவர் சொல்லிக் கேட்பதாகிவிடுகிறது; படத்திலோ அவர் நின்ற இடத்திலிருந்து அவர் பார்த்ததே வருகிறது. மேசை ஓரத்துக் கிளாஸ்கூட நூல்பிடித்து மீதியை இழுத்துவிடலாம்.

ஒரே ஒரு நோயாளியின் கதை இது. அவருக்கு வந்தது அல்சைமரும் அல்ல. முற்றிய மறதியில் இவ்வளவு எதிர்பார்க்க முடியாது. கருவியும் இன்று கடையில் கிடைப்பதில்லை. முறை மட்டும் மிச்சம்: கூடப் போகிறவர் போனில் வழிநெடுக எடுத்துவந்து, இரவில் வரிசை கலையாமல் காட்டலாம். "இது யாரு, சொல்லு பாப்போம்" என்று பரீட்சை வைக்கக் கூடாது. காட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். என் பார்வையில் கேமராவைவிட அந்தக் கணவரின் பொறுமைக்குத்தான் பங்கு அதிகம்.

ஒன்று மட்டும்: மருத்துவமனைக்குள் எடுத்தால் பக்கத்துக் கட்டில் நோயாளியின் முகமும் படத்தில் விழும். வார்டுக்குள் நுழையும்போது போனைப் பைக்குள் போட்டுவிடுவதே முறை.