பாரிசவாதமும் பேச்சும்

எங்கள் பெரியையா இக்கல்லூரியின் பழைய மாணவர். அவர் மாணவராயிருந்த காலத்தில், வெள்ளிக்கிழமைதோறும் பிரார்த்தனை மண்டபத்திலே தேவாரம் ஓதும் பொறுப்பு அவருடையதாயிருந்தது. 2012ஆம் ஆண்டு மாசி மாதத்திலே ஒரு நாள், காலை ஆறு மணியளவில், அவர் கிணற்றடியிற் சாய்ந்து விழுந்தார். வலக்கை தொய்ந்தது, வாய் ஒருபக்கமாய்க் கோணிற்று, கேட்டதற்கு விடை வரவில்லை. அவரைத் திண்ணையிற் கிடத்தினோம். ஒருவர் எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார். ஒருவர் கோப்பி பருக்க முயன்றார். அயலிலிருந்து வந்த முதியவரொருவர், இது பித்தமயக்கம், வெயில் ஏறத் தெளியும் என்றார். வெயில் ஏறிற்று, அவர் தெளியவில்லை. வைத்தியசாலையை நாங்கள் அடைந்தபோது பிற்பகல் இரண்டரை மணி. அன்று போக்கிய எட்டரை மணி நேரத்தின் பெறுமதியைப் பின்னாளிலே நூல்களை வாசித்தே அறிந்தேன்.

அவர் உயிர் தப்பினார். காலும் ஓரளவு வழங்கிற்று. சொல் மட்டும் திரும்பவில்லை. தண்ணீர் வேண்டுமாயின் செம்பைச் சுட்டுவார்; செம்பு கண்ணிற் படாதவிடத்துத் தொண்டையைத் தொட்டுக் காட்டுவார். மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, விளக்கேற்றியபின் வீட்டுப் பிள்ளைகள் தேவாரம் பாடத் தொடங்கினர். மூலையிலே சாய்மனைக் கதிரையிற் கிடந்த பெரியையா அவர்களோடு சேர்ந்து பாடினார். ஓரெழுத்தும் சிதையவில்லை. பாட்டு முடிந்ததும், "பெரியப்பா, இன்னுமொருக்காப் பாடுங்கோ" என்றாள் என் மகள். விடை சொல்ல வாயெடுத்தார். ஒரு சொல்லும் வரவில்லை.

மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, இலக்கியப் பொருளொன்றை எடுக்காது மருத்துவப் பொருளை எடுத்தமைக்குக் காரணம் இதுவே. நம் பழைய மாணவருள் மருத்துவங் கற்றோர் பலர். தமிழாசிரியன் ஒருவன் அவர்தம் புலத்திற் புகுந்து பிழைபடக் கூறின், அவர்கள் பொறுத்துத் திருத்துவாராக.

பாரிசம் என்பது பக்கம். உடம்பின் ஒரு பக்கத்தை முடக்கும் வாதம் ஆதலின் பாரிசவாதம் என்றனர் நம் முன்னோர். குறி தோன்றும் இடத்தை நோக்கி இட்ட பெயர் அது. நோயின் இருப்பிடமோ மூளை. மூளையின் இடப்பாதி உடம்பின் வலப்புறத்தையும், வலப்பாதி இடப்புறத்தையும் ஆளுகின்றன. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியொன்றைக் குருதிக்கட்டி அடைத்தாலும், அந்நாடி வெடித்துக் குருதி கசிந்தாலும், அப்பகுதியின் ஆட்சி குலைகின்றது. அடைப்பினால் வருவதே பெரும்பான்மை. பெயரிடுவதில் இடர்ப்பட்டவர் நம் முன்னோர் மட்டுமல்லர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலே இந்நோய் நெடுங்காலம் குருதிச் சுற்றோட்ட நோய்களோடு வைத்து எண்ணப்பட்டது. 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பிலேதான் நரம்புத்தொகுதி நோய்களுள் ஒன்றாயிற்று.

மூளை உடம்பின் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கே. உடம்பு கொள்ளும் ஒட்சிசனிலோ ஏறத்தாழ நூற்றுக்கு இருபது பங்கை அது நுகர்கின்றது. சேமித்து வைக்கும் இயல்பும் அதற்கு இல்லை. ஆதலின் குருதி நின்றால் சில நிமிடங்களிலேயே அழிவு தொடங்குகின்றது. பெருநாடியொன்று அடைபட்டவிடத்து, நிமிடமொன்றுக்கு 19 இலட்சம் நரம்புக்கலங்கள் மடிகின்றன என்று 2006ஆம் ஆண்டில் அமெரிக்க நரம்பியல் அறிஞர் ஜெப்ரி சேவர் கணித்துக் காட்டினார். சராசரிக் கணக்கே எனினும், கடிகாரத்தைப் பார்த்தபடி அதனைப் பெருக்கிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஆயினும் எல்லாம் ஒருங்கே மடிவதில்லை. அடைப்பின் நடுப்பகுதி விரைவில் அழிகின்றது. அதனைச் சூழ்ந்த பகுதி, அயல் நாடிகளிலிருந்து கசிந்து வரும் சிறு குருதியால், தொழிலிழந்தும் உயிரிழவாது சில மணி நேரம் கிடக்கின்றது. கிரகணத்திலே முழுநிழலைச் சூழ்ந்து நிற்கும் அரைநிழலின் பெயரை அறிஞர் இப்பகுதிக்கு இட்டனர். கடந்த முப்பது ஆண்டுகளிலே பாரிசவாத வைத்தியத்தில் நிகழ்ந்த மாற்றமெல்லாம், இவ்வரைநிழல் முழுநிழலாகுமுன் அங்கே குருதியைப் பாய்ச்சும் முயற்சியே.

முதற்கண், உயிரோடிருப்பவனின் மண்டையைத் திறவாமல் மூளையைப் பார்க்கும் வழி வேண்டியிருந்தது. அதனைத் தந்தவர் வைத்தியர் அல்லர். கோட்பிறீ ஹவுன்ஸ்ஃபீல்ட் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர். அவர் வேலைபார்த்தது இசைத்தட்டுகளுக்குப் பேர்போன இ.எம்.ஐ. கம்பனியில். கதிர்ப்படங்களைப் பல கோணங்களில் எடுத்துக் கணனியாற் கோத்து, மூளையைக் குறுக்கே அரிந்து வைத்தாற்போலக் காட்டும் சீ.ரீ. ஸ்கான் கருவியை அவர் அமைத்தார். முதல் நோயாளர் 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி அக்கருவியில் வைத்துப் பார்க்கப்பட்டார். அலன் கோர்மக் என்பாரோடு ஹவுன்ஸ்ஃபீல்ட் 1979இல் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அடைப்போ கசிவோ என்பதை இக்கருவி சில நிமிடங்களிற் சொல்லிவிடும். அப்பாகுபாடு இன்றி மருந்து கொடுத்தல் தகாது; அடைப்பைக் கரைக்கும் மருந்து கசிவுக்கு நஞ்சு.

அந்த மருந்து அல்ரிப்பிளேஸ். அமெரிக்காவில் 624 நோயாளரிடத்துச் செய்த சோதனையின் முடிவு 1995ஆம் ஆண்டு மார்கழியில் வெளிவந்தது. நோய் தொடங்கி மூன்று மணி நேரத்துள் அவ்வூசியைப் பெற்றவர்கள், மூன்று மாதம் கழிய, ஊனமின்றியோ மிகச் சிறு ஊனத்தோடோ இருத்தற்கு மற்றவரினும் முப்பது வீதமேனும் கூடிய வாய்ப்புடையராய் இருந்தனர். குறையும் உண்டு. மருந்து பெற்றவருள் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் மூளையிற் குருதி கசிந்து நோய் முற்றிற்று. பெறாதவருள் அது நூற்றுக்கு ஒருவரினும் குறைவு. ஆதலாலேயே வைத்தியர் இதனைக் கேட்டவுடன் கொடுத்துவிடுவதில்லை. 2008இல் ஐரோப்பியர் செய்த சோதனை கால எல்லையை நாலரை மணியாக்கிற்று. அல்ரிப்பிளேசை ஒரு மணி நேரம் நரம்புவழி சொட்டவிட வேண்டும். அதன் இனத்ததாகிய தெனெக்ரிப்பிளேசை ஒரே ஊசியிற் செலுத்திவிடலாம். பின்னதை இந்நோய்க்கு வழங்க அமெரிக்க அரசு 2025ஆம் ஆண்டு பங்குனியில் இசைவளித்தது.

பெருநாடியிற் சிக்கிய பெருங்கட்டியை மருந்து எப்போதும் கரைப்பதில்லை. அதனைக் கையால் எடுப்பதுபோல எடுக்கின்றனர் இன்றைய வைத்தியர். தொடையடியிலுள்ள நாடியிலே மெல்லிய குழாயைப் புகுத்தி, நெஞ்சையும் கழுத்தையுங் கடந்து மூளைவரை செலுத்தி, நுனியிலுள்ள சிறு கம்பிவலையாற் கட்டியைப் பற்றி வெளியே இழுக்கின்றனர். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டியால் எடுத்தவர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. ஒல்லாந்து நாட்டிலே 500 நோயாளரை ஆறு மணி நேரத்துள் இவ்வாறு சோதித்த முடிவு 2015ஆம் ஆண்டு தைமாத இதழில் வந்தது. கட்டி எடுக்கப்பட்டவருள் நூற்றுக்கு 33 பேர் பிறர் துணையின்றி வாழும் நிலை எய்தினர்; பழைய முறையே பெற்றவருள் 19 பேர். அவ்வாண்டே வேறு நான்கு சோதனைகளும் அதனை உறுதிசெய்தன. 2018இல் இன்னொரு வாயில் திறந்தது. ஆறு மணி முதல் இருபத்துநாலு மணி நேரம்வரை கழிந்திருப்பினும், அரைநிழல் எஞ்சியிருப்பதை ஸ்கானில் கண்டு தேர்ந்தெடுத்தால் பயனுண்டு என்று 206 பேரிடத்துச் செய்த சோதனை காட்டிற்று. அதில் நூற்றுக்கு 49 பேர் தம் காலில் நின்றனர். சிகிச்சை பெறாதவருள் 13 பேரே. மணிக்கணக்கைப் பார்த்து வைத்தியம் செய்தவர்கள், அந்தந்த மூளையின் நிலையைப் பார்த்துச் செய்யத் தொடங்கியது அன்று முதலே.

இவையெல்லாம் எல்லா வைத்தியசாலையிலும் கிடைப்பன அல்ல. 2012இல் நாங்கள் உரிய வேளையிற் போயிருந்தாலும் அவ்வூசி பெரியையாவுக்குக் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லேன். ஆயின், கிடைக்குமா என்று கேட்கும் நிலையையே நாங்கள் இழந்திருந்தோம்; அப்பிழை எங்கள் முற்றத்திலே நிகழ்ந்தது. இன்று 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் வரும் இலவச நோயாளர் வண்டி, 2016இல் மேல், தென் மாகாணங்களிலே தொடங்கி, 2018இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்துவிட்டது. என் வகுப்பு மாணவர்க்கு நான் சொல்லிவைத்திருப்பது சிறிது: சிரிக்கச் சொல்லுங்கள், வாய் கோணுகின்றதா? இரு கையையும் நீட்டச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கின்றதா? ஒரு வசனம் சொல்லச் சொல்லுங்கள், குழறுகின்றதா? ஒன்றேனும் உண்டெனில் மணியைக் குறித்துக்கொண்டு வண்டியை அழையுங்கள். அவர் நலமாயிருந்ததைக் கடைசியாகக் கண்ட மணி எது என்பதே வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி. வாயில் எதனையும் ஊற்றற்க. விழுங்குந் திறனும் போயிருக்கலாம், ஊற்றியது சுவாசப்பைக்குட் செல்லும். நாங்கள் கொடுக்க முயன்ற கோப்பியை நினைக்கும்போது இன்றும் உடல் நடுங்குகின்றது.

இனி, அத்தேவாரத்துக்கு வருவோம்.

1861ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துச் சத்திரவைத்தியர் போல் புறோக்கா, பேச்சிழந்து இருபத்தோராண்டு வைத்தியசாலையிலே கிடந்த ஒருவரைக் கண்டார். எதைக் கேட்பினும் "தன், தன்" என்பதன்றி வேறு சொல் அவர் வாயில் வராது. பிறர் சொல்வது அவர்க்கு விளங்கும். சினம் மிக்கபோது மட்டும் வசைமொழியொன்று முழுதாய் வெளிப்படுமாம். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்த புறோக்கா, இடப்பாதியின் முன்பகுதியில் ஓரிடம் சிதைந்திருக்கக் கண்டார். பேச்சு மூளையில் ஓரிடத்தைப் பற்றி நிற்கின்றது என்னும் கொள்கை அதனாற் பிறந்தது. 1874இல் ஜேர்மானியராகிய கார்ள் வேர்ணிக்கே மற்றோரிடத்தைக் காட்டினார். அங்கே பழுதுற்றவர் தங்குதடையின்றிப் பேசுவர், பேச்சிற் பொருளிராது. சொல்லும் பொருளும் வேறுவேறாய்ப் பிரியக்கூடியன என்பதை இலக்கண வகுப்பிலே எத்தனையோ முறை படிப்பித்திருக்கிறேன். அது மருத்துவ உண்மையுமாம் என்று எண்ணியதில்லை.

பெரியையாவைப் போன்ற ஒருவரைச் சுவீடன் நாட்டு ஒலொஃப் டாலின் 1745ஆம் ஆண்டிலேயே குறித்து வைத்திருக்கிறார். வலப்பக்கம் முடங்கிப் பேச்சிழந்த ஓர் இளைஞன், நோய்க்கு முன் கற்ற ஞானப்பாட்டுக்களைப் பிழையின்றிப் பாடினானாம். இவ்வியல்பைச் சிகிச்சையாக மாற்ற முயன்றோர் அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரத்தினர். 1973இல் அல்பேட், ஸ்பாக்ஸ், ஹெல்ம் என்னும் மூவர் வெளியிட்ட முறையில், நோயாளர் இடக்கையாற் தாளந்தட்டி, அன்றாடத் தொடர்களை எளிய இராகத்திற் பாடப் பழகுகின்றனர். பின்னர் இராகம் படிப்படியாய் நீக்கப்படுகின்றது. பாட்டு வலமூளைக்கு உரியது, ஆகவே சிதைந்த இடமூளையின் வேலையை வலமூளை ஏற்கின்றது என்பது அவர்கள் கருத்து. 2011இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரத்து ஆராய்ச்சியாளர் 17 நோயாளரைச் சோதித்து வேறொன்று கூறினர். துணைசெய்வது இராகமன்று, தாளமும், முன்பே மனப்பாடமாகிக் கிடக்கும் தொடருமே என்பது அவர்கள் முடிபு. வழக்கு இன்னும் தீரவில்லை. மனப்பாடத்தை இகழ்வார் மலிந்த இக்காலத்தில் இரண்டாவது கருத்தின்பால் என் மனம் சாய்வதை நான் மறைக்கவில்லை. தமிழாசிரியனின் சாய்வு சான்றாகாது என்பதையும் அறிவேன்.

இம்முறையைப் பற்றி நான் வாசித்தது 2019இல். பெரியையா 2017 ஐப்பசியிலே காலமானார். "தண்ணி தாங்கோ" என்னும் இரு சொல்லைத் தாளத்தோடு அவர்க்குப் பழக்கியிருக்கலாம். வந்திருக்குமோ வராதிருக்குமோ, முயன்று பார்த்திருக்கலாம்.

கைகாலைப் பற்றியும் ஒரு சொல். முதிர்ந்த மூளை மாறாது என்று ஒருகாலத்து நம்பினர். 2006இல் 222 நோயாளரிடத்து, நல்ல கையை உறையிட்டுக் கட்டி, நலிந்த கையையே இரு வாரம் வேலைகொண்டு பார்த்தனர். நோய் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் கழிந்த பின்னரும் அக்கை திருந்திற்று. கழுத்து வழிச் செல்லும் அலையுநரம்பைப் பயிற்சிவேளையில் மின்னால் தூண்டும் சிறு கருவிக்கு அமெரிக்காவில் 2021இல் அனுமதி கிடைத்தது.

யாவற்றினும் வியப்பானது 2023ஆம் ஆண்டு ஆவணியில் வந்த செய்தி. மூளைத்தண்டிற் பாரிசவாதம் தாக்கிப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் பேச்சிழந்திருந்த பெண்மணியொருவரின் மூளை மேற்பரப்பில், கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்து எட்வேட் சாங் குழுவினர் 253 மின்வாய்களைப் பதித்தனர். அவர் பேச முயலும்போது உதடு, நா, தாடை, மிடறு ஆகியவற்றுக்கு மூளை விடுக்கும் கட்டளைகளைக் கணனி வாசித்து, ஆங்கிலத்தின் 39 ஒலிகளாய்ப் பிரித்து, நிமிடத்துக்கு 78 சொற்களாக்கிற்று. அவருடைய பழைய ஒலிப்பதிவிலிருந்து அவர் குரலையும் அமைத்துக் கொடுத்தனர். இது சோதனைக்கூடத்து முயற்சியே, 1024 சொற்களுக்குட்பட்டது, மண்டையைத் திறந்து செய்வது.

அதனை வாசித்தபோது தொல்காப்பியத்துப் பிறப்பியல் நினைவுக்கு வந்தது. எழுத்துப் பிறக்கும் இடமாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டினை அந்நூல் கூறுகின்றது. அவற்றுட் தலை என்றது மூளையையே என்று மேடையிற் பேசும் நண்பரும் எனக்குண்டு. அது வலிந்து கொள்ளும் பொருள். ஒலி நின்று அதிரும் இடம் என்பதே நேரிய உரை. ஆனால், எழுத்தை உறுப்புக்களின் முயற்சியாகக் கண்டு பகுத்த அம்முறையே அக்கணனிக்கும் அடிப்படை. தமிழுக்கு அத்தகைய கருவி அமைப்போர் ழகரத்தோடு நில்லாது, குற்றியலுகரத்தையும் அதற்குக் கற்பிக்கவேண்டியிருக்கும். எங்கள் பத்தாம் வகுப்பு மாணவருக்கு அது எத்தனை நாள் எடுக்கின்றது என்பது எனக்குத் தெரியும்.