சர்க்கார் வீடும் கொங்குநாட்டு வெயிலும்

ஏழைக்கு வீடு கட்டித் தருவது சர்க்காரின் கடமை என்பதில் இன்று அபிப்பிராய பேதமில்லை. எத்தனை வீடுகள், எத்தனை ரூபாய், எத்தனை சதுர அடி என்பவற்றைப் பற்றியே விவாதம் நடக்கிறது. அவ்வாறு கட்டிய வீட்டில் சித்திரை மாதத்து இரவில் மனிதன் தூங்க முடியுமா என்ற கேள்வியைச் சட்டசபையிலோ பொதுமேடையிலோ எழுப்புவோர் மிகச் சிலரே. அதையே நாம் இன்று எழுப்ப விரும்புகிறோம். இது சுகபோகத்தைப் பற்றிய கேள்வி அன்று. பொதுப்பணம் எவ்வாறு செலவாகிறது, மின்சாரம் எங்கே விரயமாகிறது, உழைப்பாளியின் தேகநலம் எதனால் கெடுகிறது என்ற மூன்று விஷயங்களும் இதில் அடங்கியிருக்கின்றன.

கொங்குநாட்டில் தோட்டத்துக் குடிசையைச் சாளை என்பார்கள். பனையோலையோ தென்னங்கீற்றோ வேய்ந்த சாளை தீக்கு அஞ்சியது, மழைக்கும் அஞ்சியது, அடிக்கடி புதிதாக வேயவேண்டியும் இருந்தது. ஆயினும் வெயிலுக்கு அது அஞ்சவில்லை. சற்று வசதியுள்ளோர் ஓட்டு வீடு கட்டினர். வெளியே திண்ணையும், உள்ளே ஆசாரமும், தாழ இறங்கிய இறவாரமும் வைத்தனர். வெயில் சுவரைத் தொடாமல் காக்கும் வித்தை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தீக்கும் மழைக்கும் இரையாகும் குடிசையை ஒழிக்கச் சர்க்கார் முன்வந்தது நியாயமே. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்குவது என்ற நோக்கத்துடன் தொடங்கியது. 2011-ல் வந்த பசுமை வீடுகள் திட்டம், ஆண்டுக்கு 60,000 வீடுகள், வீடு ஒன்றுக்கு 300 சதுர அடி என்று வகுத்தது. 2016-ல் மத்திய சர்க்காரின் கிராமப்புற ஆவாஸ் யோஜனா வந்தது. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்று இலக்கு வைத்தது. வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய். 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் என்பது விதி. ஆட்சிகள் மாறின, திட்டங்களின் பெயர்கள் மாறின, மேலே போடும் தளம் மட்டும் மாறவில்லை.

தளத்தின் கணக்கு

உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது விழும் வெயிலின் சக்தி ஏறக்குறைய 1,000 வாட். 300 சதுர அடித் தளம் என்பது சுமார் 28 சதுர மீட்டர். அதாவது, ஆயிரம் வாட் ஹீட்டர்கள் 28 ஒரே சமயத்தில் எரிவதற்குச் சமமான வெப்பம் அந்தச் சிறு வீட்டின் தலைமேல் இறங்குகிறது. மேற்பூச்சில்லாத சாம்பல்நிறக் கான்கிரீட் அதில் பாதிக்குமேல் உறிஞ்சிக்கொள்கிறது. பகலெல்லாம் உண்ட வெப்பத்தை மாலை முதல் நள்ளிரவு கடந்தும் அது வீட்டுக்குள்ளே உமிழ்கிறது. வெளியே காற்று குளிர்ந்த பின்னும் உள்ளே உறங்க முடியாமல், பாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவோரை நம் கிராமங்களில் எங்கும் காணலாம். மின்விசிறியோ தளத்தடியில் நிற்கும் அனற்காற்றையே சுழற்றிக் கீழே தள்ளுகிறது.

2024-ஆம் ஆண்டுக் கோடையில் ஈரோடும் கரூர் பரமத்தியும் 42 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ந்தன. அவ்வாண்டு அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் மாண்டவரின் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு என்று ஒரு கையால் எழுதும் சர்க்கார், வெயிலைச் சேமித்து வைக்கும் தளத்துக்கு மற்றொரு கையால் பணம் கொடுப்பது பொருந்துமா?

காற்றுக்குக் கதவடைப்பு

இயற்கை கொங்குநாட்டுக்கு ஒரு பெரும் செல்வத்தைக் கொடுத்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் வழிவிட, அந்தக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வேகமாகப் பாய்ந்து வருகிறது. அது உடுமலை, பல்லடம் வட்டாரங்களில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அந்த மின்சாரத்தைக் கம்பிவழியே கொண்டுவந்து ஏழையின் வீட்டில் விசிறியைச் சுற்றுகிறோம். ஆனால் காற்று நேரே அந்த வீட்டுக்குள் நுழைய வழிவைப்பதில்லை! ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் வைத்தால் காற்று வாசலில் நின்று திரும்பிவிடும். எதிர்ச்சுவரில் வெளியேறும் வழி இருந்தால்தான் உள்ளே வரும். இழுத்துத் திறக்கும் ஜன்னல் பாதியே திறக்கும். கதவுபோல் விரியத் திறக்கும் ஜன்னல் முழுவதும் திறக்கும். இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. வரைபடம் போடும்போது சிந்தித்தால் போதும்.

கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, உக்கடம் ஆகிய இடங்களில் சர்க்கார் எழுப்பியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். கோவையின் குளக்கரைகளிலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்கள் பல இவற்றிலே வாழ்கின்றன. குடிசையில் இருந்தவர் வெப்பம் தாங்காவிடில் மர நிழலுக்குப் போகலாம். மேல்மாடியில் இருப்பவர் எங்கே போவார்?

சட்டம் யாருக்கு?

நாட்டில் இதற்கு விதியே இல்லை என்று எண்ணிவிடலாகாது. 2018 டிசம்பரில் மத்திய சர்க்காரின் மின்சக்தித் துறை ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்பு விதித்தொகுப்பை வெளியிட்டது. தளத்தின் ஒரு சதுர மீட்டர் வழியே, வெளியும் உள்ளும் ஒரு டிகிரி வித்தியாசப்படும்போது, 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கலாகாது என்கிறது அது. வெறும் கான்கிரீட் தளம் ஏறக்குறைய அதைப்போல் மூன்று மடங்கைக் கடத்தும். திறக்கக்கூடிய ஜன்னல்களின் பரப்பு, வறண்ட வெப்பப் பிரதேசத்தில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கும், புழுக்கமான பிரதேசத்தில் ஆறில் ஒரு பங்கும் இருக்கவேண்டும் என்கிறது.

நல்ல விதிதான். ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கே. நம் கணக்கில் அது சுமார் 12 சென்ட். மூன்று சென்ட் பட்டா வைத்திருப்பவனுக்கு இந்தச் சட்டத்தின் காவல் இல்லை. 2022-ல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டமும் 100 கிலோவாட் மின்சுமை உள்ள கட்டிடங்களையே முக்கியமாக நோக்குகிறது. பணமுள்ளவன் தன் பணத்தில் கட்டும் மாளிகைக்கு விதி உண்டு. சர்க்கார் தன் பணத்தில் ஏழைக்குக் கட்டும் வீட்டுக்கு விதி இல்லை. இந்த முரண்பாட்டை வாசகர்கள் நன்கு கவனிக்கவேண்டும்.

பிற நாடுகளில் முறை வேறு. அமெரிக்காவில் 2024 ஏப்ரலில் வீட்டுவசதித் துறையும் விவசாயத் துறையும் சேர்ந்து, சர்க்கார் நிதியும் கடன் உறுதியும் பெறும் புது வீடுகள் 2021-ஆம் ஆண்டு எரிசக்தி விதிகளின்படி அமையவேண்டும் என்று தீர்மானித்தன. கட்டடக்காரர்கள் செலவு கூடுமென்று எதிர்த்தனர். அடுத்த ஆண்டு அமலாக்கத் தேதி தள்ளிவைக்கப்பட்டது. எனினும் "எவன் பணம் கொடுக்கிறானோ அவனுக்கு நிபந்தனை விதிக்க உரிமையுண்டு" என்ற தத்துவம் அங்கே நிலைநாட்டப்பட்டது. நம் நாட்டிலும் வழிகாட்டிகள் உண்டு. குஜராத்தில் ராஜ்கோட் நகரில், ஆவாஸ் யோஜனாவின்கீழ் கட்டிய ஸ்மார்ட் கர் குடியிருப்பில், வெப்பம் கடத்தாத இலேசான கற்சுவரும், விரியத் திறக்கும் ஜன்னலும், காற்றை வெளியேற்றும் கூண்டும் அமைத்தார்கள். தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது.

விளக்கா, தளமா?

தமிழ்நாடு இவ்விஷயத்தில் முன்னோடி என்று சிலர் பசுமை வீடுகள் திட்டத்தைச் சுட்டிக்காட்டுவர். அவ்வீடு ஒன்றுக்கு ஐந்து சூரிய விளக்குகள் தரப்பட்டன. ஆரம்பத்தில் ஒதுக்கிய 1.80 லட்சத்தில் 30,000 ரூபாய் அவற்றிற்கே. நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் சூரியனிலிருந்து வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளப் பணம் ஒதுக்கியவர்கள், அதே சூரியனின் வெப்பத்தைத் தடுக்க என்ன ஒதுக்கினார்கள்? விளக்கின் பாட்டரி சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும் பண்டம். தளமோ ஐம்பது ஆண்டு நிற்கும். முதற் கவனம் நிலைத்து நிற்பதற்கே உரியது.

ஆட்சேபங்கள்

"ஏழை ஏ.சி. வைப்பதில்லை; அவன் வீட்டில் என்ன மின்சாரம் மிஞ்சப்போகிறது?" என்று கேட்பாருண்டு. 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வழங்கப்படுகிறது. அந்தத் தொகையை மாநிலக் கஜானாவே மின்கழகத்துக்கு ஈடுசெய்கிறது. அனல் கக்கும் தளத்தின்கீழ் இரவும் பகலும் சுழலும் விசிறிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும். நாளை வருமானம் சிறிது உயர்ந்தால் அந்த வீட்டிலும் ஏ.சி. வரும், அப்போது இன்றைய தளத்தின் குற்றம் மின்கட்டணமாக முளைக்கும். இவை ஒருபுறம் இருக்க, மில்லிலும் வயலிலும் நாள் முழுதும் உழைத்தவனுக்கு இரவுத் தூக்கம் என்பது கூலியைப்போன்ற உரிமை. யூனிட் கணக்கில் மட்டும் அதை அளக்கலாகாது.

"செலவு கூடினால் வீடுகளின் எண்ணிக்கை குறையும்" என்பது இரண்டாவது ஆட்சேபம். இதில் உண்மை உண்டு. விதியை மட்டும் போட்டுப் பணத்தைப் போடாவிட்டால், அந்தப் பாரம் பயனாளியின் தலையில், வட்டிக்கடனாக இறங்கும். அத்தகைய விதியை நாம் ஆதரிக்கமாட்டோம். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு விசேஷம் உண்டு. கிராமப்புற ஆவாஸ் யோஜனா வீட்டுக்கு மத்திய, மாநில சர்க்கார்கள் சேர்ந்து தரும் 1,20,000 ரூபாய்க்கு மேல், தளம் போடுவதற்கென்றே மாநில சர்க்கார் தனித்தொகை தருகிறது. முதலில் 50,000 ரூபாயாக இருந்த அது பின்னர் 1,20,000 ஆயிற்று. தளத்துக்கென்று தனிப் பை ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பையில் சிறிது சேர்த்து, அதனோடு நிபந்தனையையும் சேர்க்கவேண்டும் என்பதே நம் யோசனை.

"இன்ஸ்பெக்டர்களின் தொல்லை பெருகும்" என்பது மூன்றாவது. ஆகவேதான் கருவி வைத்து அளக்கும் விதி சிறுவீட்டுக்கு வேண்டாம் என்கிறோம். கண்ணால் பார்த்தே உண்டு, இல்லை என்று சொல்லக்கூடிய விதிகளே வேண்டும். தவணை கொடுக்குமுன் ஒவ்வொரு கட்டத்திலும் புகைப்படம் எடுக்கும் முறை இப்போதே நடைமுறையில் இருக்கிறது. அந்தப் புகைப்படமே இதற்கும் சாட்சி.

நாம் கோருவது

முதலாவது, தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த பரப்பிட்டுத் தட்டோடு பதிக்கவேண்டும். நம் கொத்தனார்கள் தலைமுறையாக அறிந்த வேலை இது. அதன்மேல் வெள்ளை பூசவேண்டும். இயலாத இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்பாவது ஆண்டுதோறும் அடிக்கவேண்டும். இரண்டாவது, எதிரெதிர்ச் சுவர்களில் விரியத் திறக்கும் ஜன்னல்கள். அவற்றின் பரப்பு தரையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையலாகாது. மூன்றாவது, மாலை வெயில் அறையும் மேற்குச் சுவருக்கு அகன்ற சன்ஷேடும், வெப்பம் தடுக்கும் கட்டும். கணவாய்க்கு அப்பால் கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு, சுவருக்குள் காற்றறை விட்டுச் செங்கல்லையும் மிச்சப்படுத்துகிறது. தளத்தின் அடிப்புறத்தில் ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைக்கும் முறையும் அவரால் பரவியதே. நான்காவது, 75 வாட் விசிறிக்குப் பதில் 30 வாட்டில் சுழலும் விசிறி ஒன்று வீட்டோடு தரவேண்டும். ஐந்தாவது, இவற்றின் செலவு முழுதும் மானியத்தில் சேரவேண்டும்.

கோவையில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. 1945-ல் தோன்றிய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி முதலியவை, ஒரே ஊரில் தட்டோடு பதித்த வீட்டிலும் பதிக்காத வீட்டிலும் இரவு வெப்பத்தை அளந்து வெளியிட்டால், மேடைப் பிரசங்கங்களைவிட அது வலிய சாட்சியாகும்.

தேசத் தொண்டில் ஈடுபட்ட நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுப் பட்டியலில் பெயர் சேர்ப்பதோடு உங்கள் வேலை முடிந்துவிடவில்லை. அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று, "நம் ஊரில் கட்டும் சர்க்கார் வீடுகளின் தளத்தின்மேல் என்ன போடுகிறீர்கள்? காற்று எவ்வழியே வந்து எவ்வழியே போகும்?" என்று கேளுங்கள், பதிலைத் தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். நூறு ஊர்களில் அக்கேள்வி எழுந்தால் சென்னைக் கோட்டையில் விதி பிறக்கும். 2030-க்குள் கட்டவேண்டிய வீடுகளில் பல இன்னும் தளம் போடப்படாமல் நிற்கின்றன. போட்டபின் இடிக்க முடியாது. போடுமுன் மாற்ற முடியும்.