புதுத் தொழில்களுக்கு ஒரு நாற்றுமேடை

கமக்காரர் பலரும் அறிந்த மசி பேர்கசன் உழவு இயந்திரத்தின் வரலாற்றோடு, புதுத் தொழில்களை வளர்த்தெடுக்கும் ஒரு முறையின் வரலாறும் தொடர்புடையது. அமெரிக்காவிலே, நியூயோர்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பட்டேவியா என்னும் ஊர் உண்டு. அங்கே மசி ஹரிஸ் கம்பனி அறுவடை இயந்திரங்கள் செய்யும் பெரிய தொழிற்சாலையொன்றை நடத்தி வந்தது. அக்கம்பனி 1953 ஆம் ஆண்டில் பேர்கசன் கம்பனியுடன் இணைந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் அத்தொழிற்சாலை மூடப்பட்டு, ஊரார் பலர் வேலையிழந்தனர்.

வெறுமையாய்க் கிடந்த கட்டடத்தை மன்கூசோ குடும்பத்தினர் வாங்கினர். முழுக் கட்டடத்தையும் எடுத்து நடத்த ஒருவரும் முன்வராமையால், ஜோசப் மன்கூசோ என்பவர் 1959 இல் அதனைக் கூறுகளாகப் பிரித்துச் சிறு தொழில் செய்வோருக்கு வாடகைக்கு விட்டார். இடத்தோடு, தொழில் நடத்துவதற்கான ஆலோசனையும் அவர்களுக்குக் கிடைத்தது. அவ்வாறு வந்தவர்களுள் கோழிக்குஞ்சு பொரிக்கும் கம்பனி ஒன்றும் இருந்தது. அதனைக் கண்டு, முழுக் கட்டடமுமே ஓர் அடைகாக்கும் பொறிதான் என்று வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கினர். அந்த வேடிக்கைப் பெயரே நிலைத்துவிட்டது. புதுத் தொழில்களுக்கு இடமும் துணையும் அளிக்கும் நிலையங்கள் இன்றும் உலகெங்கும் இன்குபேற்றர் என்றே வழங்கப்படுகின்றன.

இம்முறையில் ஒரு குறை உண்டு. உள்ளே வந்தவர் எப்போது வெளியேற வேண்டும் என்னும் கணக்கு அதில் இறுக்கமாக இல்லை. மேடையில் நெடுநாள் நிற்கும் நாற்று முற்றிவிடும் என்பதும், முற்றிய நாற்றை நட்டால் வெடிப்புக் குறையும் என்பதும் கமக்காரருக்குச் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல. அக்குறையை நீக்கி, நாள் குறித்து நடத்தப்படும் முறையே அக்சிலரேற்றர் எனப்படும் முடுக்குத் திட்டம் ஆகும்.

மூன்று மாதப் போகம்

2005 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரில் போல் கிரகாம், ஜெசிக்கா லிவிங்ஸ்ரன், றொபேட் மொறிஸ், ரெவர் பிளாக்வெல் என்னும் நால்வர் 'வை கொம்பினேற்றர்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அவ்வாண்டுக் கோடைகாலத்தில் எட்டுத் தொழில் முயற்சிகளை ஒரே தொகுதியாகச் சேர்த்துக் கொண்டனர். மாணவப் பருவம் நீங்காத இளைஞரே அவர்களுட் பலர். ஒவ்வொரு குழுவுக்கும் கொடுக்கப்பட்ட பணம் சிறிது. இருவர் சேர்ந்து தொடங்கிய றெடிற் என்னும் முயற்சிக்குக் கிடைத்தது 12,000 டொலர் மட்டுமே. மூன்று மாதம் உண்பதற்கும் உறைவதற்கும் அது போதும். அதற்குமேல் ஒன்றும் செய்ய இயலாது.

எனவே பணத்தைப் பெரிய உதவியாகக் கருதுவது தவறு. வாரந்தோறும் எல்லாக் குழுவினரும் ஓரிடத்திற் கூடி உணவருந்தினர். கிரகாமே சமைத்தார். முன்னர்த் தொழில் நடத்தி வென்றவர் ஒருவர் வந்து, தாம் பட்ட இடர்களை ஒளிக்காமற் கூறுவார். சென்ற வாரம் என்ன செய்தீர் என்று பக்கத்திலிருப்பவர் கேட்கும்போது, ஒன்றும் செய்யாதவர் தலைகுனிய நேரிடும். ஒரே வெளியில் ஒரே நாளில் விதைத்தவர்கள் ஒருவர் பயிரை ஒருவர் பார்த்து வேலை செய்வது போன்றது இது. மூன்றாம் மாத முடிவில், முதலீடு செய்வோரை அழைத்து, ஒவ்வொரு குழுவும் தன் முயற்சியைக் காட்டும் நாளொன்று வைக்கப்பட்டது. அந்நாளைத் தள்ளிவைக்க முடியாது.

வாங்குபவரைத் தேடிச் செல்லல்

இத்திட்டத்தின் பயனை எயர்பிஎன்பி என்னும் நிறுவனத்தின் கதை நன்கு விளக்கும். பிரயன் செஸ்கி, ஜோ கெபியா ஆகிய இருவரும் 2007 ஒக்டோபரில், சன்பிரான்சிஸ்கோ நகரில் தாம் குடியிருந்த வீட்டிலே காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு, மாநாட்டுக்கு வந்த மூவரை வாடகைக்குத் தங்கவைத்தனர். பின்னர் நேதன் பிளெச்சார்சிக் என்பவரும் சேர, பிறர் வீடுகளையும் இவ்வாறு வாடகைக்கு விட உதவும் இணையத்தளம் ஒன்றை அமைத்தனர். ஆனால் வருவாய் இல்லை, கடன் பெருகியது. 2008 இல் அமெரிக்கச் சனாதிபதித் தேர்தல் நடந்தபோது, வேட்பாளர் பெயரைச் சொல்லும் பெட்டிகளிற் காலையுணவுத் தானியத்தை அடைத்து, பெட்டி 40 டொலராக விற்று ஏறத்தாழ 30,000 டொலர் சேர்த்தனர். வீட்டு வாடகைத் தொழிலைத் தானியப் பெட்டி காப்பாற்றியது!

2009 தொடக்கத்தில் இவர்கள் வை கொம்பினேற்றரிற் சேர்ந்தனர். அந்நியர் வீட்டில் மக்கள் உறங்குவர் என்பதைக் கிரகாம் நம்பவில்லை. எனினும், தானியப் பெட்டி விற்றுப் பிழைத்தவர்கள் எளிதிற் சாகமாட்டார்கள் என்று கருதி இடங்கொடுத்தார். அப்போது அவர்களுடைய வருவாய் வாரத்துக்கு 200 டொலர் அளவில் நின்றது. உங்கள் வாடிக்கையாளர் எங்கே இருக்கின்றனர் என்று அவர் கேட்டார். பெரும்பாலோர் நியூயோர்க்கில் என்றனர். அவ்வாறாயின் இங்கே ஏன் இருக்கின்றீர்கள் என்பதே அடுத்த வினா.

அவர்கள் நியூயோர்க் சென்று, வீடு வீடாக ஏறி இறங்கினர். தளத்திற் போடப்பட்டிருந்த படங்கள் மங்கலாகவும் இருண்டும் இருந்தமை அப்போது புலப்பட்டது. கமெரா ஒன்றை வாடகைக்குப் பெற்று, தாமே வீடுகளை நன்கு படமெடுத்துப் போட்டனர். ஒரு வாரத்துக்குள் வருவாய் இருமடங்காயிற்று. 400 டொலர் பெரிய தொகை அன்று. ஆனால் எங்கே குறை, எதனாற் குறை என்பது தெரிந்துவிட்டது. அவ்வாண்டு வசந்தத்திலே செக்கோயா என்ற முதலீட்டு நிறுவனம் ஏறத்தாழ 600,000 டொலர் கொடுத்தது. 2020 டிசம்பரில் எயர்பிஎன்பி பங்குச் சந்தையில் இடம்பெற்றது. கத்தரிக்காயைக் கூடையிற் கட்டித் தரகரிடம் ஒப்படைத்துவிட்டு, விலை ஏன் விழுந்தது என்று வீட்டிலிருந்தே வியப்பவருக்கும், சந்தைக்குப் போய் வாங்குபவர் எதை ஒதுக்குகின்றார் எனப் பார்ப்பவருக்கும் உள்ள வேறுபாடும் இதுதான்.

பங்கு கொடுத்தல்

இவ்வுதவி இலவசமன்று. எயர்பிஎன்பி பெற்ற 20,000 டொலருக்கு ஈடாக நூற்றுக்கு ஆறு வீதப் பங்கு கொடுக்கப்பட்டது. 2022 முதல் வை கொம்பினேற்றர் ஒவ்வொரு முயற்சிக்கும் 500,000 டொலர் அளிக்கின்றது. அதில் 125,000 டொலருக்கு ஏழு வீதப் பங்கு. எஞ்சிய 375,000 டொலருக்கான பங்கு, பின்னர் வரும் முதலீட்டாளர் பெறும் விலையைப் பொறுத்துக் கணிக்கப்படும். ஆகவே ஏழுடன் முடிந்தது என எண்ணலாகாது.

பங்கின் தன்மையைச் சரிவர விளங்கிக் கொள்ளல் வேண்டும். வாரத்துக்குக் கொடுத்த வயலில், விளைந்த போகத்துக்கு மட்டுமே பங்கு போகும். கம்பனிப் பங்கோ, நூறு பரப்புக் காணியில் ஏழு பரப்புக்கு உறுதி முடித்துக் கொடுப்பதை ஒத்தது. திரும்ப வாங்குவது எளிதன்று. ஆனால் மறுபக்கமும் உண்டு. வங்கிக் கடனாயின், வெள்ளம் பயிரை அழித்தாலும் தவணை கட்டவேண்டும். இங்கே தொழில் அழிந்தால் பங்கும் அதனோடு அழியும். கொடுத்தவர் திருப்பிக் கேட்கமாட்டார். கணினித் தொழில் தொடங்க விரும்பும் மகனுக்காகவோ மகளுக்காகவோ வயலை ஈடுவைக்க எண்ணும் பெற்றோர், இவ்வேறுபாட்டை முதலில் எடை போடுதல் நன்று. எல்லாத் திட்டங்களும் ஒரே தரத்தன அல்ல. சில, பணம் கொடாமல் கட்டணம் வாங்குகின்றன. உடன்படிக்கையைச் சட்டம் அறிந்த ஒருவரிடம் காட்டாமற் கையொப்பமிடலாகாது. நல்ல திட்டங்களில் இடம் கிடைப்பதும் அரிது. விண்ணப்பிப்போருள் மிகச் சிலரே தெரிவு செய்யப்படுகின்றனர்.

தெரிவானவர்களுட் பலரும் தோல்வியே காண்கின்றனர். 2005 ஆம் ஆண்டு முதற்றொகுதியில் ஜஸ்ரின் கான், எமெற் ஷியர் ஆகியோர் கிக்கோ என்னும் இணைய நாட்காட்டியைச் செய்தனர். 2006 ஏப்பிரிலில் கூகிள் நிறுவனம் தன் நாட்காட்டியை இலவசமாக வெளியிட, கிக்கோவின் வழி அடைபட்டது. ஓகஸ்டில் அதனை ஈபே ஏலத்தில் 258,100 டொலருக்கு விற்றுவிட்டனர். அதே திட்டம் அவர்களுக்கு மீண்டும் இடமளித்தது. 2007 இல் அவர்கள் தொடங்கிய நேரடி ஒளிபரப்புத் தளத்திலிருந்து ருவிச் என்னும் விளையாட்டு ஒளிபரப்பு கிளைத்தது. அதனை 2014 இல் அமேசன் 97 கோடி டொலருக்கு வாங்கியது.