மறதி நோயும் நரம்பணுவின் வாயிலும்

1906ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர், மறதியால் நலிந்து மறைந்த ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து, அங்கு கண்ட படிவுகளையும் இழைமுடிச்சுகளையும் அறிவித்தார். நோய் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

நரம்பணுவின் உறையில் அயனிகள் புகுவதற்கென நுண்ணிய வாய்க்கால்கள் உள்ளன. அவற்றுள் என்எம்டிஏ எனப்படுவது வியப்பிற்குரியது. மக்னீசியம் அயனியொன்று அதன் துளையில் அடைப்பாக நிற்கிறது. வலுவான செய்தி வந்தால்தான் அது விலகிக் கால்சியத்திற்கு வழிவிடும். பலவகைக் கற்றலுக்கு இந்நுழைவே தொடக்கம். ஆனால் அதே கால்சியம் ஓயாது கசியுமானால் அணு மடிந்துபோகும். இந்நோயில் அத்தகைய கசிவு நிகழ்கிறது என்னும் கருத்தின் அடிப்படையில் அமைந்ததே, 2003இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மெமன்டைன் என்னும் மருந்து. துளையை முற்றாக அடைத்துவிட்டால் கற்றலே நின்றுவிடுமல்லவா? ஆதலின் அது தளர்வாகப் பற்றி, உரிய செய்தி வந்ததும் விலகுகிறது. எனினும் அதனால் கிட்டுவது சிறிதளவு தணிவே. மடிந்த அணு மீள்வதில்லை.

இழந்ததைக் குருத்தணு ஈடுசெய்யுமா? 2006இல் ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாகா, சுண்டெலியின் வால்நுனி அணுக்களை நான்கு மரபணுக்களின் துணையால் குருத்தணுக்களாக மாற்றினார். மறு ஆண்டில் மனித அணுக்களையும் மாற்றினார். கருவைச் சிதைக்கும் தேவை இதில் இல்லை. இன்று நோயாளியின் தோலணுவிலிருந்தே நரம்பணுக்களை வளர்த்து, நோய் உருவாகும் விதத்தை ஆய்வறையில் நோக்குகின்றனர். இதுவே இதுவரை கண்ட மெய்யான பயன். நினைவு அணுக்களிடையேயான இணைப்புகளில் உறைவது. புதிதாகச் செலுத்தப்படும் அணு பழைய இணைப்புகளை அறியாது. குருத்தணு ஊசியால் நினைவை மீட்பதாகக் கூறிப் பெரும்பொருள் கேட்போர் உளர். அச்சிகிச்சைக்கு நிறுவப்பட்ட சான்று எதுவும் இல்லை.